உன் மகள் ஸ்கூட்டரில் போகிறாள், அக்கா

என் உயிருக்கு உயிரான மல்லி அக்காவுக்கு,

இரண்டு வருஷமாக உன் படத்துக்கு முன்னால் நின்று நல்ல சேதியாகவே சொல்லி வந்தேன். தர்ஷினி பாஸ் பண்ணிவிட்டாள், தர்ஷினிக்குப் பயிற்சி வேலை கிடைத்துவிட்டது, தர்ஷினி வைத்த ரசம் உன் ரசம் மாதிரியே இருந்தது என்று. இன்றைக்குச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் நன்றாக இருக்கிறாள். பயப்படாதே. நம் இருவருக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருக்கிறேனே.

அவள் ஆபீஸ் கடலோரமாகப் புதிதாகக் கட்டியிருக்கிற பகுதியில் இருக்கிறது. கட்டட வரைபடம் போடுகிற இடம். ஸ்கூடாயில் நம் பிளாட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால், அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர். வழியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்த நடைபாதை ஓரத்தில் வாடகை ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், அக்கா. கரண்டில் ஓடுவது. உட்கார சீட் கிடையாது, நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். போய்ச் சேர்ந்ததும் அங்கேயே ஓரமாக விட்டுவிடலாம், அடுத்த ஆள் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் வாடகை சைக்கிளும் இருக்கும். உன் மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேர்த்து ஊத்திக்கிட்டு ஆபீஸ் போக முடியுமா சின்னம்மா? இதுல ஏழு நிமிஷம்தான்லா" என்றாள்.

நானும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் பல் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். முன்பல் இரண்டும் பாதி உடைந்து, உதடு கிழிந்திருந்தது. நான் டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தேன். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "அந்த வாடகை ஸ்கூட்டர்தான் டாக்டர். சின்னக் குழி, பார்க்கவே இல்ல" என்றார் அவர்.

அன்றைக்கே தர்ஷினியிடம் இனி ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் நடந்தாள். இரண்டு நாள் மழையில் நனைந்து, தாமதமாகப் போய், ஆபீஸில் திட்டு வாங்கி, காய்ச்சலோடு வந்து படுத்தாள். அப்புறம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். ஏறும்போது ஒரு மெசேஜ், இறங்கியதும் ஒரு மெசேஜ் போட வேண்டும் என்றேன். சரி என்றாள்.

மெசேஜ் இரண்டு நிமிஷம் தாமதமானால் நான் போன் அடிப்பேன். கொஞ்ச நாளில் தாமதமாகாவிட்டாலும் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு தடவை அவள் எடுக்கவில்லை என்று ஆபீஸ் நம்பருக்கே அடித்துவிட்டேன்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "அவளப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுப் போனாய். பெற்ற பிள்ளை விழுந்தால் ஒருத்தி அழுதுவிட்டு எழுந்துவிடலாம். அக்கா பிள்ளை விழுந்தால் நான் யாரிடம் போய் நிற்பேன், சொல்லு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி தாண்டி பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். முதல் தடவை அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"சின்னம்மா, இதோ வந்து..."

அவ்வளவுதான் கேட்டது. பிறகு இரும்பு தரையில் உரசுகிற சத்தம். அதன் மேலேயே ஒரு பெரிய வண்டி பிரேக் பிடிக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. போன் அணையவில்லை, அக்கா. எங்கேயோ காக்கா கத்துவதுகூடக் கேட்டது. நான் கிளினிக் நடுவில் நின்று "தர்ஷினி, தர்ஷினி" என்று கத்துகிறேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

யாரோ ஒரு ஆள் போனை எடுத்து மலாயில் பேசினார். "அக்கா, இந்தப் பொண்ணு விழுந்திருச்சு. நான் லோரி டிரைவர். நான் ஏத்தல அக்கா. சத்தியமா மேல ஏத்தல."

உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க எனக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

டாக்டரே என்னைத் தன் காடியில் முன்சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. தாடையில் நாலு தையல். அந்த லோரிக்காரர் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து வெளியே திரும்பியபோது இவள் முன்னால் விழுந்தாளாம். சக்கரம் நின்ற தூரத்தை இரண்டு கையாலும் அளந்து காட்டினார். ஒரு முழம்கூட இல்லை.

"ஒரு கையாலதான் ஓட்டினாங்க. இன்னொரு கையில போன்" என்றார்.

உள்ளே நர்ஸ் கேட்டதற்குத் தர்ஷினி, "தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு மழையே பெய்யவில்லை. நர்ஸ் அதையே எழுதிக்கொண்டார்.

நர்ஸ் போனபிறகு, "ஏன்டி போனை எடுத்தே?" என்று கேட்டேன்.

"எடுக்கலன்னா ஆபீஸுக்கு அடிப்பீங்க சின்னம்மா. போன தடவ அடிச்சீங்கல்ல, எல்லாரும் சிரிச்சாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தரை ஈரம் என்பதையே அக்கம்பக்கத்தில் சொன்னேன், கிளினிக்கில் சொன்னேன். மூன்று வாரம் அந்தப் பொய்க்குள் பத்திரமாக இருந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூலாயிலிருந்து பெரியண்ணன் வந்தார். தர்ஷினியின் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முடிவு பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னார். "போதும்மா இந்த வேலை. மாமா வீட்டுக்கு வந்துரு. பக்கத்துல ஃபேக்டரி இருக்கு, நானே காடியில கொண்டுபோய் விடுறேன். அந்தக் கண்ட கண்ட ஸ்கூட்டர்ல ஏறினா இப்படித்தான் ஆகும்."

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. எனக்காக அந்த வேலையை விடவும் தயாராக இருந்தாள், அக்கா. எனக்கு அந்த நிமிஷத்தில் வந்த பயம், லோரி பிரேக் கேட்டபோதுகூட வரவில்லை. இவள் இப்படியே ஒவ்வொன்றாக எனக்காக விட்டுக்கொண்டே போவாளோ என்று பயந்தேன்.

"அண்ணே, ஸ்கூட்டர் இல்ல. நான்தான் போன் அடிச்சேன். ஒண்ணு இல்ல, மூணு தடவ. அவ ஓட்டிக்கிட்டு இருப்பான்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். தரை ஈரமா இல்ல."

அண்ணன் என்னையே பார்த்தார். "மூணு வாரமா ஏன் சொல்லல?"

"நீங்க அவளைக் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயம்."

"அதுக்கும் பயமா?" என்றார். டீயைக் குடித்து முடித்தார். புறப்படும்போது தர்ஷினியிடம் மட்டும், "ஓட்டும்போது எவன் அடிச்சாலும் எடுக்காதே. மாமா அடிச்சாலும் எடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவார். நம் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியாதா?

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். "ஏன் சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்லா" என்றாள். குரல் உடைந்து கட்டிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அவள் அழவே இல்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இந்தத் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போனாள். நான் லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ்ஸில் போனேன். ஸ்கூட்டரை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள், பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், முதலில் எடுத்த வண்டி சரியில்லை என்று வேறு ஒன்றை எடுத்தாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "நீங்க வீட்டுக்குப் போங்க சின்னம்மா." ஏறிப் போய்விட்டாள். அந்தக் கட்டட வேலை நடக்கிற வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டியது வரை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழு நிமிஷம் ஆனது. பத்து ஆனது. கை தானாகப் பைக்குள் போனது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்த சீனக் கிழவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். இருபத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் மெசேஜ் வந்தது. "வந்து வேலய ஆரம்பிச்சிட்டேன். மெசேஜ் போட மறந்துட்டேன், சாரி."

மறந்துவிட்டாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலையிலும் எட்டு மணிக்கு அது வந்துவிடும். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நீயும் அடித்திருப்பாயா?

நான் அடிக்க மாட்டேன், அக்கா. அவள் ஆபீஸ் போய்ச் சேரும்வரை அந்தப் பயத்தை நானே வைத்துக்கொள்வேன், அவள் கையில் கொடுக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி, உன் பிள்ளைக்குச் சின்னம்மா,
சாந்தி
ஸ்கூடாய், ஜொகூர்