உறைக்குள் நுழையாத கை

பிப்ரவரி 6
வலது கையின் கட்டை இன்று அவிழ்த்தோம். புண் ஆறிவிட்டது, கை திறக்கவில்லை. விரல்கள் எல்லாம் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடக்கின்றன. கொதிநீர் பட்ட அன்றே அக்கா யம்னா மருதாணி குழைத்து உள்ளங்கையில் அப்பி, விரல்களை மடக்கித் துணியால் கட்டினாள், கல்யாணப் பெண்ணுக்குக் கட்டுவதுபோல். "குளிர்ச்சிடி. அசைக்காத." ஆறும்வரை அப்படியேதான் வைத்திருந்தோம்.

பிப்ரவரி 7
நான் வேலை பார்க்கும் ஹம்மாமுக்கு, பெண்கள் பொதுக் குளியலறைக்கு, போனேன். குளிக்க வருகிறவர்களுக்கு அழுக்குத் தேய்க்கும் கையுறைக்குள் கை நுழையவில்லை. முதலாளியம்மா தாமு பார்த்துவிட்டாள். "பெருநாளுக்கு முந்தின நாள் கூட்டம் தெரியும்ல? அன்னிக்கு நீ தேய்க்கணும். இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆளு." தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

பிப்ரவரி 10
மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் ஸுகைனா. "புண் ஆறும்போது தோலு சுருங்கும்மா. மடக்கி வச்சா மடங்கினபடியே இறுகிடும், மூட்டும் சேர்ந்து பிடிச்சுக்கும். வலிக்காத பக்கமா வச்சீங்க பாருங்க, அதான் வினை." விரல்களை நிமிர்த்திக் கட்ட ஒரு பலகை கொடுத்தாள். தூங்கும்போதும் கழற்றக்கூடாதாம்.

பிப்ரவரி 19
வலி. பலகையை வீசி எறிந்தேன். நானே போய் எடுத்து வந்தேன்.

மார்ச் 2
காலையில் பலகையின் கட்டு தளர்ந்து கிடந்தது. யம்னாவின் வேலை. "தூக்கத்தில முனகினியேடி, மனசு கேக்கல."
"உன் இரக்கத்தாலதான்க்கா இந்தக் கையே போச்சு!"
சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பொய்யும் இல்லையே. நோன்பு திறக்கும்போது ஹரீரா சூப்பை அவள் தொடவே இல்லை.

மார்ச் 5
யம்னா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, அவளே என் விரல்களை நிமிர்த்துகிறாள். நான் கத்தினால் அவளும் கத்துகிறாள். விடமட்டும் மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 21
உறை பாதிவரை ஏறியது. மீதியையும் ஏற்றாமல் விடமாட்டேன்.

மார்ச் 30
நாளை பெருநாள். ஹம்மாமில் கால் வைக்க இடமில்லை. சுண்டுவிரல் இன்னும் கோணல்தான், கிடக்கட்டும். உறைக்குள் கை முழுசாகப் போய்விட்டது. தாமு இடுப்பில் கைவைத்து நின்றாள். யாரும் என்னிடம் வரத் துணியவில்லை. யம்னாதான் வந்து கல்லில் குப்புறப் படுத்தாள். கறுப்புச் சோப்பைப் பூசி, ஊறவிட்டு, அழுத்தித் தேய்த்தேன்.
"அடியே, தோலை உரிச்சிடுவியா? மெதுவாடி!"
"உடம்ப அசைக்காதக்கா" என்றேன்.
தாமு அடுத்தவளை என் பக்கம் அனுப்பினாள்.