மீன் பசாரில் நான்காவது ஸ்கார்ஃப்

1957 பிப்ரவரி 17, ஞாயிறு

அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று ஸ்கார்ஃபையும் கட்டில்மேல் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே நல்ல மழை. மலாக்காவின் இந்த காஜா பேராங் சாலையில் சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை.

என் பெட்டியில் இருக்கிற பட்டு ஸ்கார்ஃப் எல்லாமே நாட்டியம்தான். விசிறியோடு ஆடும் ஸ்பெயின்காரி, கால்விரல் நுனியில் நிற்கும் பாலே பெண்கள், குடை சுழற்றும் ஜப்பானியப் பெண். பாதி, சுதந்திரம் வருகிறது என்று மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறும் துரைசானிகளிடம் வாங்கியது. மீதி, நான் வேலை செய்யும் பண்டார் ஹிலிர் துணிக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் வெயில் பட்டு வெளுக்குமுன் நானே எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த மூன்றும் வேறு ஜாதி. லண்டன் ஓவியர் ஒருவர் ஒரே நடனத்தை நான்கு ஸ்கார்ஃபாக வரைந்திருக்கிறார். முதலாவதில் ஒரு பெண் சுவரோரமாகக் கைகட்டி நிற்கிறாள். இரண்டாவதில் ஒருவன் வந்து கை நீட்டுகிறான். மூன்றாவதில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் ஒரு குதிகால் மட்டும் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது.

நான்காவது என்னிடம் இல்லை. கடை மூலம் லண்டனுக்குக் கேட்டுப் பார்த்தாயிற்று. அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். ஆடினாளா, இல்லையா? அந்தக் குதிகால் என்ன ஆயிற்று? கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. சில நாள் அவள் ஆடுகிறாள். சில நாள் அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அக்கா வந்து கதவைத் தட்டினாள். "பொம்பளத் துணிய வெச்சிக்கிட்டு உள்ள என்னடா பண்ற? நாப்பதுல வர்ற கிறுக்கு உனக்கு முப்பத்தெட்டுலயே வந்துருச்சா?"

பூங்காவனம் அக்காவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் இந்தச் சாலையில் இல்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18

அந்துருண்டை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 9, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் அக்காவுக்காக மீன் வாங்க பசாருக்குப் போனேன். கெம்போங் மீன் விற்பவன் முன்னால் ஒருத்தி குனிந்து, செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் முக்கோணமாக மடித்துக் கட்டிய ஸ்கார்ஃப். சாம்பல் நீலம், ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. பின்கழுத்தில் தொங்கும் முனையில் அதே ஓவியரின் கையெழுத்து. காதுக்கு மேலே இரண்டு ஜோடிப் பாதங்கள்!

நான்காவது! மீன் பசாரில்! தேங்காய் எண்ணெய்த் தலைமேல், மீன் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க!

இரண்டு ஜோடி. அப்படியானால் அவன் போகவில்லை. ஆனால் ஆடுகிறார்களா, சும்மா நிற்கிறார்களா? மற்றதெல்லாம் மடிப்புக்குள். அவள் பின்னாலேயே மூன்று கடை நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்ததும் எதையோ வாங்குவதுபோல் வாங்கினேன்.

அக்கா பையைக் கவிழ்த்துவிட்டுக் கத்தினாள். "மீன் வாங்கச் சொன்னா பை நெறைய எலுமிச்சம்பழமா வாங்கிட்டு வருவான் ஒருத்தன்?"

மார்ச் 11

கடையில் என்னோடு நிற்கும் அப்பாசாமிக்குத் தெரியாத ஆள் மலாக்காவில் கிடையாது. விசாரித்தேன். தெய்வானையாம். செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பில் இருக்கும் ஏகாம்பரத்தின் மகள். ஒரு துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்திருக்கிறாள். குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது துரைசானி தன் கழுத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்ததாம் அந்த ஸ்கார்ஃப்.

"செட்டிமாருங்க பல தலைமுறையா இங்கயே இருக்கறவங்க. நம்ம சாமியத்தான் கும்பிடுவாங்க. பேச்சு மட்டும் மலாய்தான் லா," என்றான். "அவளுக்கு நாலு தமிழ் வார்த்தை தெரிஞ்சா பெரிசு. இன்னும் கல்யாணம் ஆகல."

நான் அதைக் கேட்கவே இல்லையே.

மார்ச் 16, சனி

பேசிவிட்டேன். மலாயில்தான். கடைக்கு வரும் துரைசானிகளிடம் சளசளவென்று பேசுகிற வாய், இவளிடம் ஒட்டிக்கொண்டது. அந்த ஸ்கார்ஃபைக் கொடுத்தால் கடையிலிருந்து புதிதாக, இதைவிடப் பளபளப்பாக ஒன்று தருகிறேன் என்றேன்.

"தக் மாவ்," என்றாள். மாட்டாளாம்.

சரி, ஒரு தடவை விரித்தாவது காட்டச் சொன்னேன்.

"இங்கயா? மீன் கையோடயா?" என்று சிரித்தாள். "என்சிக், எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க, இல்லாட்டி கூடைக்குள்ள பாப்பாங்க. நீங்க ஒருத்தருதான் மண்டையப் பாக்கறீங்க." என்சிக்காம், ஏதோ பெரிய ஐயா மாதிரி.

அதில் என்ன படம் இருக்கிறது என்றாவது சொல்லேன் என்றால், தெரியாதாம். மடித்துத்தானே கட்டுகிறாளாம். வருஷக்கணக்காகத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறாள், முடிவைப் பார்த்ததே இல்லை! என்ன பெண் இவள்?

மார்ச் 30

மழையில் அதையே கட்டிக்கொண்டு போகிறாள். பட்டு கெட்டுப்போகும் என்று சொன்னேன். "அப்போ தலை நனையட்டுமா?" என்கிறாள்.

மே 12, ஞாயிறு

தினமும் மீன். அக்காவே அலுத்துவிட்டாள். "கடல்ல மிச்சம் வைப்பியாடா?"

ஸ்கார்ஃபுக்காகத்தான் போகிறேன். வேறு எதற்கு? ஆனால் நேற்று அவள் தலையில் அது இல்லை, துவைத்துப் போட்டிருந்தாளாம். அப்போதும் பசாரின் அந்தக் கோடி வரைக்கும் கூடவே நடந்தேன். தன் கம்பத்து மாரியம்மன் திருவிழாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கூடையை நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்? கனமாக இருந்தது, அதனால்.

சிரம்பானில் ஒரு பெண் இருக்கிறதாம். அக்கா ஜாதகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 15

அடுத்த ஞாயிறு அவள் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். என்னை வரச் சொல்லிவிட்டாள்! சாயங்காலம் வாசலில் ஜோகெட் ஆட்டம் இருக்குமாம். "கட்டிக்கிட்டுத்தான் வருவேன். வந்தீங்கன்னா விரிச்சே பாக்கலாம்."

வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட வேண்டும். அக்கா கையில் கொடுத்தால் கேள்வி வரும்.

ஜூன் 23, ஞாயிறு

கிடைத்துவிட்டது! என் மேசைமேல் இருக்கிறது! நம்பவே முடியவில்லை.

செட்டிக் கம்பம் முழுக்க மாவிலைத் தோரணம். வயலின், ரெபானா மேளம், ஒரு பெரிய வெண்கலக் காங்கு மணி. ஆணும் பெண்ணும் எதிரெதிராக, கை படாமல், அலை வந்து போகிற மாதிரி கிட்டே வந்து விலகி ஆடினார்கள். தெய்வானை கபாயாச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில். பசாரில் பார்த்தவளா இவள்? பாதம் தரையில் பாவுகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது எனக்கு. எதிரே ஆடியவன் களைத்து உட்கார்ந்தான். அவள் ஸ்கார்ஃப் முடிச்சை அவிழ்த்தாள். ஆடிக்கொண்டே நேராக என் முன்னால் வந்து, ஸ்கார்ஃபை என் தோளில் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

தரவே மாட்டேன் என்றவள் ஊரறியக் கொடுத்துவிட்டாளே! எழுந்து நின்று "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிக் கும்பிட்டேன். அழகாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழை பிடிக்குமுன் போய்விட வேண்டும் என்று சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தேன். பின்னால் வயலின் நின்றுபோன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

விரித்தேன். ஆடுகிறார்கள்! அவள் கூந்தல் அவிழ்ந்து பறக்கிறது. இரண்டு குதிகாலும் தரையில் இல்லை. ஆனால் அந்த ஆண் — முடிச்சு இறுகும் மூலையில் அவன் தலை வருகிறது. கட்டிக் கட்டிச் சாயம் தேய்ந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. இவ்வளவு நாள் காத்திருந்து, இதற்கா? இருந்தாலும் நான்கும் சேர்ந்துவிட்டது. போதும்.

போதுமா?

ஜூன் 24

போச்சு. எல்லாம் போச்சு.

பெருமையாக அப்பாசாமியிடம் சொன்னேன். அவன் துணிக்கட்டுமேல் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "அட மண்டு! தோள்ல போட்டா ஆட வான்னு அர்த்தம். ஜோகெட்ல அப்படித்தான் கூப்புடுவாங்க. அத்தனை சனத்துக்கு முன்னால ஒரு பொண்ணு உன்னைய ஆடக் கூப்புட்டா, துணியச் சுருட்டிக்கிட்டு ஓடியாந்திருக்கியே!"

அவள் அந்த வாசல் நடுவில் நின்றிருப்பாள். கூந்தல் அவிழ்ந்து. அதனால்தான் வயலின் நின்றது.

அடேய் சுந்தரம், உனக்குக் கண் எதற்கு? படம் பார்க்க மட்டும்தானா?

ஜூன் 26

ஸ்கார்ஃபைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பசாருக்குப் போனேன். வெறுந்தலையோடு இருந்தாள். நீட்டினேன். வாங்கவில்லை. கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லச் சொன்னாள்: "நீங்களே வெச்சுக்குங்க, என்சிக். அதுக்குத்தானே தினமும் வந்தீங்க."

இல்லை தெய்வானை, அதற்காக இல்லை. இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் போய்விட்டாள். இறால் கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். என்ன வேண்டும் எனக்கு?

ஜூலை 3

நான்கையும் விரித்தேன். பிடிக்கவில்லை. மூடிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

சிரம்பான் பெண் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். சொன்னேன். அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தமிழே பேசத் தெரியாதவளா? நான் அவகூட எப்படிடா சண்டை போடுவேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவதான் என்னைப் பாக்கவே மாட்டேங்கறாளேக்கா," என்றேன். குரல் உடைந்துவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது. அக்கா தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "உனக்கு ஆடத் தெரியுமா மொதல்ல?"

ஆகஸ்டு 4

கடை மூடியதும் பின்கட்டில் துணிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அப்பாசாமி சொல்லித் தருகிறான். இரண்டு தடியன்கள் எதிரெதிரே இடுப்பை ஆட்டிக்கொண்டு! வீட்டில் தலையணையை எதிரே சாய்த்துவைத்துப் பழகுகிறேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "காலைப் பாக்காதடா, ஆளைப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்டு 31, சனி

மெர்டேக்கா. மலாயாவுக்குச் சுதந்திரம். காலையிலிருந்து ஊரெல்லாம் கொடி. ரேடியோ முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று கத்தினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செட்டிக் கம்பத்தில் ஜோகெட் என்று அப்பாசாமி சொல்லியிருந்தான்.

வெள்ளைச் சட்டை. தோளில் ஸ்கார்ஃப், அவள் போட்ட அதே தோளில். சாலை முழுக்க அப்படியே நடந்து போனேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும். முதலில் அவள் அப்பா ஏகாம்பரத்திடம் போய் நின்றேன். கிழவர் மேலும் கீழும் பார்த்தார். "திரும்பவும் எடுத்துட்டு ஓடுவியா?" என்று மலாயில் கேட்டார். மாட்டேன் என்றேன்.

தெய்வானை வாசல் ஓரம், சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றாள். முன்னால் போய்க் கை நீட்டினேன். வயலின்காரர் வாசிக்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றேன்.

"ஸ்கார்ஃபைப் பாக்க வரல," என்றேன். தமிழில். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. மலாயிலும் சொன்னேன். "அன்னிக்குப் பாட்டு நடுவுல நின்னுபோச்சே, அதை ஆடி முடிக்கத்தான் வந்தேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன். குதிகால்!

ஆடினேன். நான் ஆடியதற்குப் பெயர் ஆட்டம் இல்லை. இரண்டு தடவை அவள் காலை மிதித்தேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள், நானும்தான். வியர்வை கொட்டியது. தோளிலிருந்து ஸ்கார்ஃபை எடுத்து என் முகத்தை அவளே துடைத்துவிட்டாள். லண்டன் பட்டு! துடைக்கட்டும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது, "நாளைக்கு பசாருக்கு வருவீங்களா, அபாங்?" என்றாள். என்சிக் போய், மனசுக்கு நெருங்கினவனைக் கூப்பிடும் அபாங் வந்துவிட்டது.

செப்டம்பர் 1

கால் வலி. சுகமாக இருக்கிறது.

1958 நவம்பர் 23, ஞாயிறு

நாட்குறிப்பைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று! மழை பெய்தது. நான்கையும் கட்டில்மேல் விரித்துப் பார்க்கலாம் என்று ஆசையாகப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றுதான் இருந்தது, கைகட்டி நிற்பவள். இரண்டாவதைத் தலைவலி என்று அக்கா நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். மூன்றாவது சமையற்கட்டுக் கொடியில், சம்பல் கறையோடு காய்கிறது. அந்தச் சம்பலில் பெலாச்சான் இறால் விழுது போட்டது அதிகமா குறைவா என்று அக்காவும் தெய்வானையும் காலையில் சண்டை. அக்கா மலாயில் கத்தினாள், அவள் தமிழில் கத்தினாள். என்னை எவரும் கேட்கவில்லை.

நான்கும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. ஆனால் நான்கையும் ஒன்றாகப் பார்த்த நாள், கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை.

மழை விட்டுவிட்டது. தெய்வானை கூடையோடு நிற்கிறாள். தலைமேல் நான்காவதை மடித்துப் போட்டுக்கொண்டு, "பாங், முடிச்சு," என்று பின்கழுத்தைக் காட்டுகிறாள். முகம் தேய்ந்த அந்த மூலையைக் கையில் எடுத்தேன். இறுக்கிக் கட்டிவிட்டேன்.