சீட்டுக்கு அடியில் உன் செருப்பு

காலையில் கள்ளிக்குப்பம் வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். சீட்டுக்கு அடியிலிருந்து உன் செருப்பு வழுக்கி வந்து என் குதிகாலில் இடித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நெஞ்சு வலி வந்து நீ போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை மாமா. பாத்திரம் தேய்த்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். வாசலில் நிற்கும் உன் டாக்சியைப் போய்ப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். உன் தம்பிக்கு ஒரே பேச்சு. "அண்ணி, நீ டாக்சி ஓட்டுவியா இன்னா? வித்துடலாம்." இன்று சாயங்காலம் வாங்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். அதனால்தான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என்னால் முடியுமா என்று எனக்கே தெரிய வேண்டும்.

செருப்பைக் கையில் எடுத்ததும் அந்த ரேஸ் டிராக்தான் ஞாபகம் வந்தது.

ஐயப்பன்தாங்கலிலிருந்து நீ தினமும் ஆபீசுக்குக் கூட்டிப்போன ஐ.டி. தம்பி, அந்த டிராக்கில் ஓட்டப் பணம் கட்டியிருந்தார்; தன்னால் போக முடியவில்லை என்று தன் இடத்தை உனக்கு விட்டுக்கொடுத்தார். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான நாள், சொந்த வண்டியிலேயே ஓட்டலாம். பூந்தமல்லி தாண்டியும் நீ விசிலடித்துக்கொண்டே வந்தாய். நான் வேடிக்கை பார்க்க வந்தவள். லைசென்ஸ் வாங்கியும் அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டி ஓட்டாதவள்.

செருப்போடு வந்தால் ஓட்ட விடமாட்டோம், ஷூ வேண்டும் என்றார்கள். நீ ஷூவே போடாதவன். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவாய். "வண்டி இன்னா சொல்லுதுன்னு காலுக்குத்தான் தெரியும்" என்பாய். என் காலைப் பார்த்தாய். கம்பெனியில் பெருக்கித் துடைக்கப் போகும்போது போடுகிற கறுப்பு ஷூ.

"நீ போமே."

"யோவ், வெளாடாதய்யா. எனக்கு இன்னா தெரியும்?"

"மாடு வராது, பஸ்ஸு வராது, எதிர்ல ஒருத்தனும் வரமாட்டான். இத்தவிட நல்ல ரோடு மெட்ராஸ்லயே கெடையாது."

பாக்கெட்டிலிருந்து என் லைசென்சை எடுத்து நீட்டினாய்.

வண்டிக்குள் உதிரியாக எதுவும் இருக்கக்கூடாதாம். டாஷ்போர்டு பிள்ளையாரையும் தண்ணீர் பாட்டிலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாய். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போய்த் திட்டும் வாங்கினாய்.

ஹெல்மெட்டுக்குள் கொண்டை நுழையவில்லை, அவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். வளைவுக்கு வளைவு இண்டிகேட்டர் போட்டேன், ஹாரன் அடித்தேன். பின்னால் வரும் வண்டிக்கு வழிவிடச் சொல்லி ஒருவர் நீலக் கொடி ஆட்டினார். போலீஸ் மடக்குகிறது என்று ஓரங்கட்டி நிறுத்தி, ஆர்.சி. புக்கைத் தேடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "போங்கம்மா, போய்க்கினே இருங்க" என்று கத்தினார்.

அந்த ரோஷத்தில் போனேன். நீளமான ரோடு வந்ததும் கால் தானாக அழுந்தியது. ஸ்டியரிங் கைக்குள் அதிர்ந்தது. பயம் எந்த வளைவில் இறங்கிப் போனதோ தெரியவில்லை.

திரும்பி வந்ததும், "இன்னொரு வாட்டி போவட்டா?" என்றுதான் கேட்டேன். பிள்ளையாரோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தாய். "ரேஸ் ரோட்ல ஹாரன் அடிச்ச மொத ஆளு நீதாம்மே."

செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டிராக்குக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சொன்னாய், "நாளிக்கு உன் ஷூவ போட்டுகினு வா." எதுக்கு என்றேன். "டீசன்ட்டா இருக்கட்டும்" என்றாய். போனில் வருவதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுகிறவன் நீ. ஷூ வேண்டும் என்பதை மட்டும் படிக்காமலா இருந்திருப்பாய்? அந்த டிராக்கில் ஓட்ட உனக்கு ஆசை இல்லாமலா? அப்போதே நெஞ்சு வலித்ததா மாமா? சொல்லாமல் இருந்தாயா? கேட்க நீ இல்லை. அதுதான் என்னை உட்கார விடாமல் துரத்துகிறது.

உன் தம்பிக்குப் போன் போட்டேன். "சாயந்தரம் யாரையும் கூட்டிகினு வராதப்பா. வண்டிக்கு ஆள் கீது."

உன் செருப்பைப் பின்னால் டிக்கியில் வைத்தேன். அது வண்டியோடு வரட்டும். என் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். அடுத்த வளைவு வந்தது. எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் ஹாரன் அடித்தேன்.