‘சிறகு’ இறகாகக் கேட்ட வீடியோ

என் ஸ்டெல்லாக்கா,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் நினைவு ஆராதனையில், நீயே எழுதி ராகம் போட்ட பாட்டைப் பாடுவதென்று கிள்ளானில் நம் சர்ச் பாடகர் குழு முடிவு செய்தது. பாட்டை எழுதிய தாளை எங்கே வைத்தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. மிஞ்சியது நீ பாடிய ஒரே ஒரு வீடியோ. எல்லாரும் கேட்டுப் பழக அதை இணையத்தில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸில் தினமும் வீடியோ எடிட் செய்கிறவன்தானே நான்.

ஏற்றினேன். படம் பளிச்சென்று இருந்தது. உன் குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து கேட்டது.

சத்தத்தைக் கூட்டினேன், கரகரத்தது. பின்னால் ஓடிய ஃபேன் சத்தத்தை நீக்கினேன், அதோடு உன் மூச்சும் போயிற்று. ஒலியின் தரத்தைக் கூட்டும் பிட்ரேட்டை இருப்பதிலேயே அதிகமாக வைத்து மறுபடி ஏற்றினேன். ஃபைல்தான் பெரிதானது. மூன்று வாரம், அக்கா. யார் யாருக்கோ சுத்தமாக வரும் ஒலி, உனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்றது?

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, உருகி, “இறகு தாரும் ஆண்டவரே” என்று பாடினார்கள். நீ எழுதியது சிறகு. பறக்கக் கேட்டவளுக்கு ஒற்றை இறகு எதற்கு? நிறுத்தச் சொன்னேன்.

“வீடியோல அப்படித்தானே கேக்குது தம்பி,” என்றார் குழுவை நடத்தும் மேரி ஆன்டி. “நாங்க எத்தன தடவ கேட்டோம் லா.”

போட்டும் காட்டினார். அவர் சொன்னது சரி. அந்தச் ‘சி’ கரைந்தே போயிருந்தது. வாசலுக்கு வந்து உன் மகள் ரேச்சலுக்கு ஃபோன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன்.

“மாமா, எந்த ஃபைல்ல இருந்து செஞ்சீங்க?”

“நீ ஃபார்வர்ட் பண்ணதுதான்.”

“அது எனக்கே யாரோ ஃபார்வர்ட் பண்ணது மாமா. ஒரிஜினல் அப்பாகிட்டதான் இருக்கும். அன்னிக்கு அவர்தானே கேமராவுல எடுத்தாரு?”

எனக்கு முகம் சுட்டது. அப்படிக் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒலி நசுங்கும், ‘ச’ போன்ற மெல்லிய ஓசைகள்தான் முதலில் போகும், போனதை எந்த பிட்ரேட்டும் திருப்பித் தராது. ஆபீஸில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். உன் விஷயத்தில் மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே போர்ட் கிள்ளானுக்கு ரயிலேறினேன். அத்தான் அலமாரியைத் துழாவி கேமரா கார்டை எடுத்துத் தந்தார். ஹெட்ஃபோனில் கேட்டேன். சிறகு. அவ்வளவு தெளிவாக, அக்கா.

அத்தானும் வாங்கிக் கேட்டார். “ஃபேன் சத்தத்த எடுத்துடாத மச்சான். அது நம்ம வீட்டு ஃபேன்,” என்றார்.

எடுக்கவில்லை. கரகரக்காதபடி ஒலியை உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை மட்டும் மாற்றி ஏற்றினேன். இணையதளம் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் நசுக்கத்தான் செய்கிறது. அந்த எரிச்சல் தீரவில்லை. ஆனால் குழு சிறகு என்று திருத்திக்கொண்டது.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஃபார்வர்டில் வந்தது பாட்டு முடிந்த இடத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. மூலத்தில் பாடி முடித்து, கேமராவைப் பார்த்துப் பேசுகிறாய்: “தம்பி, ரெண்டாவது சரணம் சரியா வரல. நீ வந்து எடுத்தா நல்லா வரும். எப்ப வர்ற?”

நீ ஃபோனிலும் இதைக் கேட்டாய். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை அது? இப்போது யோசித்தால் ஞாபகம்கூட வரவில்லை.

இந்த ஞாயிறு மைக்கோடு அத்தானிடம் போகிறேன். நீங்கள் இருவரும் முதலில் சந்தித்த கதையை அவர் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்வேன். கூச்சப்படுவார், மழுப்புவார். சொல்லி முடிக்கும்வரை எழுந்து வரமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
டேனியல்