சாவிக்கு விழாத ஓட்டு

9, புதன்

விடியலிலிருந்து மழை. பேனர் மூன்று பிய்ந்து வாய்க்காலில். எடுத்துக் காயப்போட வேண்டும். சனிக்கிழமை வாக்குச்சாவடி ஏஜெண்டுகளுக்கு நாசி லெமாக் சோறு சொல்ல வேண்டும், முட்டையோடு.

கட்சிப் பதிவு இன்னும் வரவில்லை. அதனால் என் வீட்டுக்காரர் சேகர் சுயேச்சை. சின்னம் சாவி. பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடை மாடியில் கட்சி தொடங்கிய அன்று ஆறு பேர்தான். ஏழு இருந்தால்தான் பதியலாமாம். இவரைக் கூட்டிப்போக வந்த என்னையும் உட்கார வைத்தார்கள். செயலாளர் ஆனது அப்படித்தான்.

மாலை பண்டமாரான் பிளாட், கடைசிச் சுற்று. வாசலுக்கு வாசல் ஒரே பேச்சு. "எங்க ஓட்டு உங்களுக்குத்தாண்ணே, கவலப்படாதீங்க லா." மூன்றாவது மாடி லெட்சுமி ஆன்டி இவர் கையை விடவே இல்லை. துறைமுக வேலையை விட்டதிலிருந்து இவர் இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

12, சனி

வாக்களிப்பு. நல்ல வெயில். கால் வீக்கம். சாயங்காலம் பிளாட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை. நம் ஏஜெண்டு நான். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டுகிறார். சாவி எப்போதாவது ஒன்று. பெரிய கட்சி ஏஜெண்டு அம்மா கச்சாங் கடலை நீட்டினார். வாங்கித் தின்றேன். டெபாசிட் போச்சு.

காரில் இவர் பேசியது ஒன்றே ஒன்று. "மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டாங்க புஷ்பா."

14, திங்கள்

இவர் கட்டிலை விட்டு எழவில்லை. போன் ஆஃப். கட்சியைக் கலைத்துவிடலாம் என்கிறார். தோற்றதுகூடப் பரவாயில்லையாம், பொய்தான் தாங்க முடியவில்லையாம். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. மீன் குழம்பில் உப்பு போட மறந்தேன். இவர் அப்படியே தின்று முடித்தார்.

15, செவ்வாய்

மிச்ச பேனரைக் கழற்ற பிளாட்டுக்கு. படியில் லெட்சுமி ஆன்டி மறித்துக்கொண்டார். நல்ல கோபம்.

"ஏம்மா, சீட்டுல தம்பி பேர காணோம், சாவியயும் காணோம்? ரெண்டு பஸ் ஏறிப் போனேன்!"

"எங்க போனீங்க ஆன்டி?"

"பந்திங்குக்குத்தான். ஐசில எஸ்டேட்டு அட்ரஸ்தானே இருக்கு. சீட்ட திருப்பித் திருப்பிப் பாத்தேன். எல்லாம் வேற ஆளுங்க. ஒருத்தனுக்கும் போடல. மடிச்சு அப்படியே பெட்டில போட்டுட்டு வந்துட்டேன். அடுத்த தடவ எந்த ஊர்ல நிக்கிறார்னு ஒழுங்கா சொல்லச் சொல்லு."

அந்த எஸ்டேட்டை இடித்து எவ்வளவோ காலம். அடையாள அட்டையில், அந்த ஐசியில் மட்டும் இருக்கிறது. ஓட்டும் ஐசியில் உள்ள ஊரில்தான்.

மற்ற வாசல்களிலும் கேட்டேன். காஜாங். செந்தூல். பந்திங். மறுபடி பந்திங். இங்கே ஓட்டு உள்ளவர் அபூர்வம். மாசக்கணக்கில் இந்தப் படி ஏறி இறங்கினோம். ஐசியில் எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செயலாளராம் செயலாளர். மடச்சி.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ரெண்டு பஸ்ஸா?"

"ஆமா."

"வரதுக்கும் ரெண்டா?"

"ஆமாங்க."

 கொஞ்ச நேரத்தில் அழுகையில் இவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.