தூளிப் பக்கத்துச் சுவர்

மே 6, புதன்

கத்திரி வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. பேத்திக்கு வேர்க்குரு, சந்தனம் தடவினேன்.

ஏசி போட்டதிலிருந்து ராத்திரிக்கு ராத்திரி பியூஸ் போகும். இப்போது இல்லை. கீழ்வீட்டுக் கொழுந்தன் துரையின் வேலை. "பியூஸ்ல தடியா செம்புக் கம்பி போட்டுக்கீறேன் அண்ணி. மெட்ராஸே இருண்டாலும் இது போவாது." என் கல்யாண ரசம் சரியில்லை என்று இலையை மடித்தவன். இருந்தாலும் காபி கொடுத்தேன்.

தூளிப் பக்கத்துச் சுவர் வெதுவெதுப்பு. வெயிலாக இருக்கும்.

மே 7, வியாழன்

முருங்கைக்கீரை. முதுகுவலி.

மருமகள் ஸ்டெல்லா பிள்ளையின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். சயின்ஸ் டீச்சர், பிரசவ லீவு. அவளிடம் நான் எதுவும் கேட்பதில்லை. மறுவீட்டு விருந்தன்று, மஞ்சள் புடவை, கையில் வடை, அவள் சொன்னது: "உங்களுக்குப் புரியாது அத்தே." மறக்கவில்லை.

இன்று வாய் சும்மா இல்லை. "ஒரே கரண்ட்டுதானே போவுது? பெட்டி கொதிக்குது, ஒயர் ஜில்லுனு கீதே?"

பெட்டியை நிமிர்த்திவைத்து உட்கார்ந்தாள். "ஒவ்வொரு உலோகமும் ஒரு தெரு அத்தே. செம்பு காலித் தெரு, இடிக்காம போயிடலாம். பெட்டிக்குள்ள இருக்கிற கம்பி, அறுபத்து மூவர் திருவிழாக் கூட்டத்துல மாட வீதி. அந்த இடிதான் சூடு."

"அலுமினியம்?"

"செம்பைவிட நெரிசல். சூடு ஏறினா உள்ள இருக்கிறதெல்லாம் ஆட ஆரம்பிக்கும். இன்னும் இடிக்கும்."

"மேளம் கேட்டா சனம் குதிக்கிற மாதிரி."

"அதேதான் அத்தே!"

மின்தடை எண் என்று பெயராம். நீளம், தடிமன் ஒன்றானாலும் உலோகத்துக்கு உலோகம் வேறாம். எனக்குப் புரிந்தது.

மே 8, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை.

பேத்தியைத் தூளியில் விடும்போது சுவரில் கை பட்டது. சுட்டது. அது பக்கத்து வீட்டோடு ஒட்டிய வடக்குச் சுவர். நான் வந்த நாளாக அதில் வெயில் விழுந்ததில்லை. உள்ளே மாமனார் காலத்து அலுமினிய ஒயர்.

"ஸ்டெல்லா, பியூஸ்ல செம்பு போட்டா இன்னா ஆவும்?"

"யாரு போட்டா?"

"துரை."

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "பியூஸ் கம்பிதான் முதல்ல சூடாகி உருகணும் அத்தே. அது உருகலைன்னா சுவத்துக்குள்ள இருக்கிறது..."

நான் பிள்ளையைத் தூக்கினேன். அவள் ஓடி மெயினை அணைத்தாள்.

எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தினார். ஒயர் உறை கருகி ஒழுகியிருந்தது. தூளிச் சேலைக்கும் அதற்கும் ஒரு சாண்.

துரை வாசலில். "பியூஸ் போவலையே அண்ணி..."

"அதாண்டா வினை. போவ வேண்டியது போவணும்."

மே 9, சனி

புது ஒயர், எல்லாம் செம்பு. ஏசி இல்லை, விசிறிமட்டை. கபாலிக்கு அர்ச்சனை. ஸ்டெல்லாவின் மாதாவுக்கு மெழுகுவத்தி, நானே வாங்கினேன்.

துரைக்குக் காபி கிடையாது.

வடை விஷயம் மறக்கவில்லை. ஆனால் சோறு முதலில் அவளுக்குப் போட்டேன். "வெள்ளி எப்படிம்மா? செம்பைவிட காலித் தெருவா?"

"ஆமா அத்தே. அதைவிட காலியா எதுவும் இல்ல."

பேத்தி காலில் வெள்ளிக் கொலுசு. தூங்குகிறாள்.