பதினேழாம் எண்ணுக்கு வந்த குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? வார்டனுக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன். சலவைக்கார அக்கா தபாலில் சேர்ப்பார்.

விடுதிப் பெண்கள் எல்லோரும் சனி, ஞாயிறு கடலோரப் பழைய ஊரை நடந்தே சுற்றிப் பார்த்தோம். கோட்டை அழகு. அங்கே செருப்பு வார் அறுந்து நான் பின்தங்கிவிட்டேன். கோட்டை வாசலில் ஆள் எண்ணும்போது என் எண் பதினேழுக்கு எவளோ விளையாட்டாக, "உள்ளேன் மிஸ்!" என்றிருக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டார்கள். இருட்டிய பிறகுதான் காவலாளி திறந்தார். பயப்படவெல்லாம் இல்லை.

"ஓடிப்போகப் பாத்தியாடி? யாரைப் பாக்கப் போன?" என்கிறார் வார்டன். குரல் கொடுத்தவள் வாயே திறக்கவில்லை. வார்டன் உங்களுக்குக் கடிதம் போடுவாராம். அதை நம்பாதீர்கள் அப்பா.

ஒரு ஜோடி செருப்பு வேண்டும். அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு உங்களுடனே வந்துவிடுகிறேன்.

டார்ச் வெளிச்சம் வருகிறது.

உங்கள் மகள்